அத்தை பாதிதான் இருக்கிறார்: 35 எம்எம் ஃபிலிமும் 12×15 சட்டமும்

#1 ரோல்36 (மதுரை)

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, இதுதான் என் முதல் பதிவு.

போன வருஷம் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சித்தப்பாவின் பழைய நிக்கான் எஃப்எம்2-இல் இரண்டு ரோல் எடுத்தேன். 50 எம்எம் லென்ஸ், கோடக் கோல்டு 200. 4×6 (அங்குலம்) பிரிண்ட் எல்லாமே நன்றாக வந்திருந்தன. அதில் ஒன்று குடும்பப் படம். வாசலில் ஒரே வரிசையில் ஒன்பது பேர். அப்பாவுக்கு அது பிடித்துப்போய், ஹாலில் மாட்ட 12×15 போட்டுக்கொண்டு வா என்றார். லேபில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் அத்தைக்குப் பாதி முகம்தான் இருக்கிறது. வலது ஓரத்தில் மாமா பையனுக்கு ஒரு கையைக் காணோம். கேட்டதற்கு "இந்த சைஸுக்கு அப்படித்தான் சார் வரும்" என்று முடித்துவிட்டார்கள். அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து, "நான் பாதிச் சொந்தம்தானே, பரவாயில்லை" என்கிறார்.

வருகிற தையில் அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதையும் ஃபிலிமில் எடுக்க ஆசை. ஆல்பத்துக்கு 4×6, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 5×7, ஹாலுக்கு மறுபடியும் 12×15, இதுதான் திட்டம். ஒரே நெகட்டிவ் மூன்றுக்கும் ஒத்துவருமா? எது வெட்டுப்படும் என்று எடுக்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

#2 இருட்டறை (கோவை)

லேப் சொன்னது பொய்யில்லை, ஆனால் பிரிண்ட் போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

35 எம்எம் நெகட்டிவில் ஒரு ஃபிரேம் 24×36 மி.மீ., அதாவது 2:3. 4×6, 8×12, 12×18 மூன்றும் அதே விகிதம் என்பதால் அவற்றில் எதுவும் போகாது. 8×10, 12×15, 16×20 எல்லாம் 4:5. அகலத்தில் 24 மி.மீ.யை முழுசாக வைத்துக்கொண்டால் நீளத்தில் 30 மி.மீ.தான் தாளுக்குள் அடங்கும். மீதி 6 மி.மீ. அம்போ. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மிஷின் நடுவில் வைத்து வெட்டும், பக்கத்துக்கு 3 மி.மீ.

ஃபிரேமை நீளவாக்கில் 12 பத்திகளாக நினைத்துக்கொள்ளுங்கள். 12×15 என்றால் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் கிடையாது. உங்கள் அத்தை நின்றது அந்த முதல் பத்தியில்.

5×7-க்கு அவ்வளவு பயம் வேண்டாம். 33.6 மி.மீ. வரும், பக்கத்துக்கு 1.2 மி.மீ.தான் போகும். மோசமானது 10×12. அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அந்த சைஸ் பக்கமே போகாதீர்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 8×10 என்பது பெரிய பிளேட் கேமரா காலத்து அளவு. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அப்படியே பிரிண்ட் எடுத்தார்கள், நெகட்டிவ் என்ன சைஸோ தாளும் அதே சைஸ். 35 எம்எம் வந்தது சினிமாவிலிருந்து. ஜெர்மனியில் லைட்ஸ் (Leitz) கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் 18×24 சினிமா ஃபிரேம் இரண்டைச் சேர்த்து 24×36 ஆக்கினார். 1925-இல் அந்தக் கேமரா லைகா என்ற பெயரில் கடைக்கு வந்தது. நெகட்டிவ் மாறிவிட்டது, தாளும் சட்டமும் பழைய அளவிலேயே நின்றுவிட்டன. நூறு வருஷம் ஆகியும் அந்தச் சண்டை நம் ஹால் சுவரில் நடக்கிறது.

#3 கறுப்புஓரம் (சென்னை)

வெட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. எடுத்தது 24×36, போட வேண்டியதும் 24×36. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் நெகட்டிவைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரியும்படி பிரிண்ட் போடச் சொல்வார். ஃபிரேமை மனசில் முடிவு செய்துவிட்டு எடுத்தவன் எதற்கு வெட்ட வேண்டும்? தாளுக்காகப் படமா, படத்துக்காகத் தாளா?

12×18 போட்டு மாட்டுங்கள். முடிந்தது.

#4 இருட்டறை (கோவை)

@கறுப்புஓரம் நீங்கள் சொல்கிற அதே மனிதர் 1932-இல் பாரிஸில் சென்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த தாண்டும் ஆள் படம் வெட்டின படம்தான் சார். பலகை இடுக்கு வழியாக எடுத்ததால் இடது பக்கம் பலகை மறைத்திருந்தது. விதி எல்லோருக்கும் உண்டு, அவருக்கும் விலக்கு உண்டு.

#5 கறுப்புஓரம் (சென்னை)

அந்த ஒன்றைச் சொல்லித்தான் எல்லோரும் என் வாயை அடைக்கிறீர்கள். சரி, விடுங்கள்.

#6 குடந்தை_ஸ்டூடியோ (கும்பகோணம்)

தம்பி, நான் 31 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். கடையை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. கணக்கெல்லாம் இருட்டறை சரியாகச் சொல்லிவிட்டார். நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் தப்பு கேமராவிலும் இல்லை, லேபிலும் இல்லை. ஒன்பது பேரை ஒரே வரிசையில் நிற்கவைத்தீர்களே, அங்கேதான். ஒரே வரிசை என்பது 4×6-க்கு, 12×18-க்கு ஏற்ற கூட்டம். 12×15 கொஞ்சம் சதுரத்துக்குப் பக்கத்தில் வருகிற தாள். அதற்குக் கூட்டத்தையும் அப்படித்தான் அமைக்க வேண்டும். நான்கு நாற்காலி போடுங்கள். பெரியவர்கள் உட்காரட்டும், பின்னால் ஐந்து பேர் நிற்கட்டும், பிள்ளைகள் இருந்தால் முன்னால் ஜமக்காளத்தில் சப்பணம் போடட்டும். இப்போது கூட்டமே 4:5 ஆகிவிட்டது. வெட்டுவதற்கு ஓரத்தில் சுவர்தான் இருக்கும்.

அப்புறம் தூரம். உங்கள் 50 எம்எம் லென்ஸில் 12 அடி தள்ளி நின்றால் நெகட்டிவில் சுமார் எட்டரை அடி அகலம் விழும். 12×15-இல் அதில் ஏழு அடிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். பக்கத்துக்கு முக்கால் அடி போகும், அது ஒரு ஆளின் பாதி உடம்பு. அதனால் எங்கள் கடையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல்) கூட்டம் சரியாக அடங்கியதும், நிற்கிற தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பின்னால் போ. 10 அடி என்றால் இரண்டு அடி, 15 என்றால் மூன்று. டேப் எல்லாம் வேண்டாம், இரண்டு எட்டு வைத்தால் போதும்.

பின்னால் போகும்போது தலைக்கு மேல் சீலிங் ஃபேனும், மண்டபத்து டியூப்லைட்டும், பெயர் எழுதின தெர்மாகோலும் உள்ளே வரும். அதற்குக் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சு உயரத்துக்கு. கீழே மிச்சம் விழுகிற தரை பரவாயில்லை. கோலம் இருந்தால் நல்லதுதான்.

இரண்டு வரிசை என்றால் அபெர்ச்சரை எஃப்8-ஐவிட அகலமாகத் திறக்க வேண்டாம். பின் வரிசை மங்கிவிடும்.

#7 ரோல்36 (மதுரை)

ஐயா, மிக்க நன்றி. நாற்காலி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். எஃப்எம்2 ஃபைண்டர் 93 சதவீதம்தான் காட்டும் என்று படித்தேன். அப்படியானால் நான் பார்ப்பதைவிட நெகட்டிவில் அதிகம் இருக்கும். அந்தப் "12-இல் ஒரு பத்தி" கணக்கு ஃபைண்டரிலேயே பார்க்கிற கணக்கா, நெகட்டிவ் கணக்கா? இரண்டையும் சேர்த்துப் பின்னால் போனால் ஆட்கள் சின்னதாகிவிட மாட்டார்களா?

இன்னொன்று, ஃபைண்டருக்குள் படம் விழுகிற ஃபோகஸிங் ஸ்க்ரீனில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளலாமா?

#8 இருட்டறை (கோவை)

நல்ல கேள்வி. நான் சொன்னது நெகட்டிவ் கணக்கு. 93 சதவீதம் என்பதை நீளத்தில் வைத்துப் பார்த்தால் ஃபைண்டரில் தெரிவது சுமார் 33.5 மி.மீ. இது எதற்குச் சமம் பாருங்கள்: 5×7-க்கு வேண்டியது 33.6. ஆக எஃப்எம்2-இல் நீளவாக்கில் பார்ப்பது ஏறக்குறைய 5×7 பிரிண்டேதான். 12×15-க்கு, தெரிகிற 33.5-இல் 30 மிஞ்சும். பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மி.மீ.தான் போகும், ஃபைண்டர் நீளத்தில் 19-இல் ஒரு பங்கு. ஐயா சொன்ன ஐந்தில் ஒரு பங்கு பின்வாங்கல் தாராளம். எஃப்எம்2-க்கு எட்டில் ஒரு பங்கே போதும். ஆனால் கல்யாண வீட்டில் கையில் கணக்கு நிற்காது, அவர் சொன்னபடியே செய்யுங்கள். ஆள் கொஞ்சம் சின்னதாவதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பாதியாவதால்தான் கோபம்.

ஸ்க்ரீனில் பேனா மட்டும் வைத்துவிடாதீர்கள்! அது மெத்தென்ற பிளாஸ்டிக். விரல் பட்டாலே தழும்பு நிற்கும். எஃப்எம்2-க்கு இ2 என்று கட்டக்கோடு போட்ட ஸ்க்ரீன் உண்டு, கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

#9 தேன்_டிஎல்ஆர் (திருச்சி)

93 என்பது புத்தகத்தில் இருக்கிற எண். உங்கள் கேமரா எவ்வளவு காட்டுகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை.

ஃபிலிம் இல்லாதபோது செய்ய வேண்டும். சுவரில் தையல் டேப்பைப் படுக்கைவாட்டில் ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டேப்புக்கு நேராக ஆறு அடி தள்ளி நிறுத்துங்கள். ஃபைண்டரில் இடது விளிம்பில் எந்த எண், வலது விளிம்பில் எந்த எண் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும், ஷட்டர் திறந்தபின் கண்ணாடி மேலே போய் ஃபைண்டர் இருட்டாகிவிடும். பிறகு பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற தண்டவாளத்தின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டுங்கள், சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து. ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும்) வைத்துக் கேபிள் ரிலீஸைப் பூட்டுங்கள். லென்ஸை முழுசாகத் திறந்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டேப்பின் மேல் மட்டும் ஒரு டேபிள் லேம்பைப் போடுங்கள். பேப்பரில் டேப் தலைகீழாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்து அந்த விளிம்பு எண்களைப் படியுங்கள். அதுதான் உங்கள் நெகட்டிவ்.

பேப்பரை விரலால் உள்ளே அழுத்த வேண்டாம். ஷட்டர் தகடு விலை தெரிந்தால் கை தானாக நடுங்கும்.

#10 ஜெனிட்_மகன் (சேலம்)

எல்லோரும் நிக்கான் பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன ஜெனிட்-இ. இந்தக் கணக்கெல்லாம் இதற்கும் பொருந்துமா? இதில் எடுத்தால் எப்போதும் ஓரத்தில் நான் பார்க்காத ஏதாவது வந்து நிற்கும். கோயில் வாசலில் எடுத்தால் செருப்புக் குவியல், கல்யாணத்தில் எடுத்தால் ஜெனரேட்டர்காரர்.

#11 இருட்டறை (கோவை)

ஜெனிட்-இ ஃபைண்டர் காட்டுவது 20×28 மி.மீ.தான். பரப்பில் 65 சதவீதம். மீதி எல்லாம் நெகட்டிவில் அழையா விருந்தாளி.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். 12×15-க்கு வேண்டியது 30, நீங்கள் பார்ப்பது 28. மோசம் என்று நான் திட்டின 10×12-க்குக்கூட 28.8. ஆக ஜெனிட்டில் கண்ணுக்குத் தெரிந்தது எதுவும் எந்தத் தாளிலும் வெட்டுப்படாது (சதுரத்தை விட்டுவிடுங்கள்). 20×28 என்பது சரியாக 5:7 வேறு. இந்த இழையிலேயே அத்தைகளுக்குப் பாதுகாப்பான கேமரா உங்களுடையதுதான்.

#12 ஜெனிட்_மகன் (சேலம்)

நாற்பது வருஷமாக அதை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

#13 வடமராட்சி_கமரா (யாழ்ப்பாணம்)

நான் யாழ்ப்பாணத்திலை ஒரு ஸ்ரூடியோவிலை வேலை பழகினவன். கறுப்புஓரம் சொன்னதையும் ஐயா சொன்னதையும் ஒன்றாக வைத்திருக்கலாம், சண்டை தேவையில்லை.

தம்பி ரோல்36, படத்தை 8×12 ஆகப் போடுங்கோ, முழு நெகட்டிவும் வரும். சட்டம் 12×15 வாங்குங்கோ. இடையிலை மவுண்ட் போர்ட் (தடித்த வெள்ளை அட்டை) வெட்டி வைக்கச் சொல்லுங்கோ. மேலே கீழே இரண்டு இஞ்சி, பக்கங்களிலை ஒன்றரை இஞ்சி வெள்ளை நிற்கும். சுவரிலை பார்க்க 12×15 தான், ஆனால் ஒருவரும் வெட்டுப்படேல்லை. முந்தின படத்துக்கும் இதையே செய்யலாம். நெகட்டிவ் கையிலை இருக்குதுதானே? அத்தை முழுசாக அதுக்குள்ளைதான் இருக்கிறா.

இன்னொன்றை ஒருவரும் சொல்லேல்லை. சட்டத்தின்ரை மர விளிம்பு கண்ணாடிக்கு மேலே கால் இஞ்சி ஏறி நிற்கும். சரியாக 12×15 போட்டாலும் நாலு பக்கமும் கால் இஞ்சி மறையும். ஓரத்திலை ஒருவரின்ரை காதை வைத்தால் காது போகும்.

#14 கறுப்புஓரம் (சென்னை)

இதைத்தான் நான் சொல்ல வந்தேன் அண்ணை, கோபத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். டார்க் ரூமிலும் நான் இப்படித்தான். 8×10 தாளில் 6×9 படம் போடுவேன். ஒரு ஓரம் ஒரு அங்குலம், இன்னொரு ஓரம் அரை அங்குலம் வெள்ளை. தாள் வீண் என்பார்கள். வீண் இல்லை, அதுவும் படத்தில் சேர்த்தி.

லேபில் கொடுக்கும்போது "முழு ஃபிரேம், வெள்ளை ஓரத்தோடு" என்று கவரின் மேல் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கவுன்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும், மிஷினில் இருப்பவருக்குத் தெரியாது.

#15 குடந்தை_ஸ்டூடியோ (கும்பகோணம்)

மவுண்ட் நல்ல யோசனைதான். எங்கள் ஊர்ப் பக்கம் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். "12×15-க்குக் காசு வாங்கிட்டு உள்ளே சின்னப் படம் வெச்சிருக்கீங்களே" என்பார். ஒரு முறை மவுண்ட் போட்டுக் கொடுத்தேன், அதைப் பிரித்து எடுத்துவிட்டுப் படத்தை மூலைக்கு நகர்த்தி ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார் ஒருவர்.

நான் 35 எம்எம்மில் பெரிய படமே எடுத்ததில்லை. யாஷிகா மேட், 120 ரோலில் 12 படம், சதுரம். நெகட்டிவ் 56×56 மி.மீ. வாங்கின வாரத்திலேயே மேலிருந்து குனிந்து பார்க்கிற கிரவுண்ட் கிளாஸில் இரண்டு பக்கமும் ஐந்தரை மி.மீ. உள்ளே மெல்லிசாகப் பென்சில் கோடு போட்டேன், கண்ணாடி என்பதால் தாங்கியது. கோட்டுக்குள் இருப்பது 12×15. மணப்பெண் நின்றால் நெடுக்கு, குடும்பம் உட்கார்ந்தால் கிடை, கேமராவைத் திருப்பவே வேண்டாம். முடிவை டார்க் ரூமில் எடுத்துக்கொள்ளலாம். வெட்டின பிறகும் 45×56 மிஞ்சும், உங்கள் 24×30-ஐப் போல மூன்றரை மடங்கு.

#16 வடமராட்சி_கமரா (யாழ்ப்பாணம்)

எங்கடை முதலாளியிட்டை மமியா ஆர்பி67 இருந்தது. 6×7 நெகட்டிவ் 4:5-க்கு மயிரிழைதான் வித்தியாசம். 8×10, 12×15 எல்லாம் வெட்டாமல் அப்படியே இருக்கும். பின்பெட்டியை மட்டும் திருப்பினால் நெடுக்கு. பாரம்தான், ஒரு கலியாணம் முடிய தோள் எங்களுடையது இல்லை.

#17 தேன்_டிஎல்ஆர் (திருச்சி)

இடையில் ஒரு செய்தி. இந்த 2:3 தொல்லையைத் தொடக்கத்திலேயே தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. 1948-இல் வந்த முதல் நிக்கான் கேமராவின் ஃபிரேம் 24×32, அதாவது 3:4. தாளில் வீண் குறைவு, ரோலிலும் கூடுதல் படம். அப்போது ஜப்பான் அமெரிக்கர்கள் கையில் இருந்தது. அமெரிக்காவில் ஸ்லைடு வெட்டுகிற மிஷின் எல்லாம் 24×36-க்கே அமைந்திருந்ததால் ஏற்றுமதிக்கு வழியில்லாமல் போனது. அடுத்த மாடல் 24×34, கடைசியில் 1954-இல் எஸ்2 வரும்போது அவர்களும் 24×36-க்கே வந்துவிட்டார்கள். மிஷின் ஜெயித்தது, தாள் தோற்றது.

#18 புதுரோல் (பெங்களூரு)

பென்டாக்ஸ் 17 வாங்கியிருக்கிறேன், அரை ஃபிரேம். இதற்கு என்ன சைஸ் சரி?

#19 இருட்டறை (கோவை)

17×24. கிட்டத்தட்ட 5×7, ஏ4-உம் அதே வாக்கு. இரண்டிலும் வெட்டே தெரியாது. 12×15 மட்டும் கேட்காதீர்கள், கிரெய்ன் (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்) மணல் மாதிரி நிற்கும்.

#20 ரோல்36 (மதுரை)

டிரேசிங் பேப்பர் சோதனையை நேற்று ராத்திரி செய்தேன். அம்மாவின் தையல் டேப்பை எடுத்ததற்கு முதலில் திட்டு, பிறகு அவரே வந்து பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு "டேப் தலைகீழா இருக்கே, கேமரா கெட்டுப்போச்சா" என்றார்.

ஆறு அடியில் ஃபைண்டரில் 47 அங்குலம் தெரிந்தது. பேப்பரில் ஐம்பதரை. 93 சரிதான். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இல்லை! இடது பக்கம் ஒரு அங்குலம்தான் அதிகம், வலது பக்கம் இரண்டரை. அதாவது என் ஃபைண்டர் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து பார்க்கிறது. நடுவில் வைத்து எடுத்ததாக நான் நினைத்த படம் நெகட்டிவில் நடுவில் இல்லை. அதனால்தான் மாமா பையனுக்குக் கை மட்டும் போய், அத்தைக்குப் பாதி முகமே போயிருக்கிறது.

#21 தேன்_டிஎல்ஆர் (திருச்சி)

பழைய கேமராவில் இது சகஜம், கண்ணாடி ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்கும். பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை. கூட்டத்தை ஃபைண்டரின் நடுவிலிருந்து ஒரு துளி வலது பக்கம் தள்ளி வையுங்கள், நெகட்டிவில் நடுவுக்கு வந்துவிடும்.

#22 குடந்தை_ஸ்டூடியோ (கும்பகோணம்)

தம்பி, அன்றைக்கு நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாளில் திருக்கடையூரில் ஒரே நேரத்தில் எத்தனையோ ஜோடி உட்கார்ந்திருக்கும். உங்களுக்குப் பின்வாங்க இடமே கிடைக்காது. அதனால் கோயிலுக்குள் நடப்பதை 4×6-க்கு என்றே நினைத்து எடுங்கள், ஓரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கலசாபிஷேகத்துக்குக் கேமராவை நெடுக்காகப் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் கை தலைக்கு மேலே இரண்டு அடி போகும். சொம்பின் வாயும், தண்ணீர் விழுகிற கோடும், அப்பா கண்ணை இறுக்கி மூடுவதும் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். அது 2:3-க்கென்றே பிறந்த படம். அதைப் போய் 8×10 போட்டால் ஒன்று சொம்பு போகும், இல்லையென்றால் மடி போகும். அது பிடித்திருந்தால் 8×12 போடுங்கள்.

12×15-க்கான குடும்பப் படத்தை மண்டபத்தில் தனியாக எடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்டபின் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் சட்டைப் பித்தான் திறந்திருக்கும். ஒரே இடத்தில் இரண்டு எடுங்கள்: ஒன்று நெருக்கமாக ஆல்பத்துக்கு, ஒன்று பின்வாங்கி சுவருக்கு. 36 படத்தில் ஒன்று போனால் ஒன்றும் குடிமுழுகாது.

ஓரத்தில் யாரை நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். நாங்கள் ஓரத்தில் எப்போதும் கல்யாணமாகாத இளவட்டங்களைத்தான் நிறுத்துவோம். வெட்டுப்பட்டாலும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

#23 ரோல்36 (மதுரை)

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ரோல் கழுவி வந்து, சட்டமும் மாட்டியாகிவிட்டது.

ஐயா சொன்ன மாதிரியே மண்டபத்தில் நான்கு நாற்காலி. நடுவில் அப்பா அம்மா, பக்கத்தில் பாட்டி, இன்னொரு பக்கத்தில் அத்தை. அத்தையை நாற்காலியில் உட்காரவைத்தது அப்பாதான். "நீ நடுவுல உக்காரு, உன்னை வெட்ட முடியாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பின்னால் ஆறு பேர். ஃபைண்டரில் அடங்கியதும் இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். மூன்றாவது எட்டில் மண மேடைப் படி, விழப் பார்த்தேன். தேன் சொன்னபடி கூட்டத்தை ஒரு துளி வலது பக்கம் தள்ளி வைத்தேன்.

12×15 அழகாக வந்திருக்கிறது. லேப் கவரின் மேல் "கிடை, இரண்டு பக்கமும் சமமாக வெட்டவும்" என்று எழுதிக் கொடுத்தேன். சட்டத்தின் கால் அங்குலத்தில் தம்பியின் சட்டைக் கை மட்டும் கொஞ்சம் மறைகிறது. கல்யாணமாகாதவன், ஒன்றும் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசப் படத்தையும் 8×12 போட்டு மவுண்டோடு மாட்டிவிட்டேன், யாழ்ப்பாண அண்ணைக்கு நன்றி. கலச அபிஷேகப் படம் 8×12, சொம்பு முழுசாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் அப்பாவின் மேல் விழாமல் பக்கத்தில் இருந்த புரோகிதர் தோளில் விழுகிறது, அதற்கு ஃபிரேமிங் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே ஒரு விஷயம். பின்வாங்கி எடுத்த அந்தக் குடும்பப் படத்தை ஆசையாக 4×6-உம் போட்டேன். 12×15-இல் வெட்டுப்பட்ட வலது ஓரம் அதில் இருக்கிறது. அங்கே பக்கத்து ஜோடியின் மாப்பிள்ளை, எழுபது வயதுக்காரர், மாலையும் கழுத்துமாக வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். ஃபைண்டரில் அவர் இல்லவே இல்லை. ஆல்பத்தைப் புரட்டின அத்தை அவர் மேல் விரலை வைத்து, "இவர் யார் வழிச் சொந்தம்?" என்று கேட்டார்.

#24 ஜெனிட்_மகன் (சேலம்)

எங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படி நாற்பது பேர் இருக்கிறார்கள்.